பாதுகாப்பு அலுவலர் பணிக்கு இந்தச் சான்றிதழ்ப் படிப்பு எந்த அளவுக்கு உதவும்?

மின் பராமரிப்புப் பிரிவில் தொழில்நுட்பராகச் சேர்ந்து, பின்னர் பாதுகாப்புப் பிரிவுக்கு மாறி, ஒன்பது ஆண்டுகள் அந்தப் பணியைச் செய்து முடித்த பிறகுதான் தொழில்சார் பாதுகாப்பும் உடல்நலமும் பற்றிய இந்தச் சான்றிதழ்ப் படிப்பில் சேர்ந்தேன். பெரும்பாலானவர்கள் முதலில் சான்றிதழைப் பெற்று, அதைக் கையில் வைத்துக்கொண்டு வேலை தேடுகிறார்கள். என் பாதை தலைகீழாக அமைந்தது. அடுத்த படிநிலைக்குச் செல்ல அந்தத் தாள் வேண்டும் என்று நிர்வாகம் கேட்டதே நான் சேர்ந்ததற்கு முதல் காரணம் என்பதை மறைக்கவில்லை. வேலையை முன்பே அறிந்தவனாகப் பாடத்துக்குள் நுழைந்ததால், ஒவ்வொரு பகுதியையும் பணியிடத்தில் நான் சந்தித்தவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. பயிற்சி நிறுவனத்தின் பெயரை இங்கே தரவில்லை. ஏறத்தாழ இதே பாடத்திட்டத்தை இதே முறையில் நடத்தும் நிறுவனங்கள் பல இருப்பதால், சேர நினைப்பவருக்குப் பெயரைவிடப் பாடத்தின் தன்மையே பயன்படும்.

படிப்பு நான்கு மாதம் நடந்தது. பதிவுசெய்த காணொளிகளும், வாரத்துக்கு இரண்டு நேரலை வகுப்புகளும், அச்சிட்டுக்கொள்ளத்தக்க பாடக்குறிப்பும் தரப்பட்டன. இறுதியில் ஒரு கற்பனைத் தொழிற்சாலையை விவரித்து அதன்மீது கேள்வி கேட்கும் தேர்வும், தம் பணியிடத்திலேயே ஒவ்வொருவரும் செய்து அனுப்ப வேண்டிய இடர் மதிப்பீடும் இருந்தன. இணையதளம் தடையின்றி இயங்கியது. பாடக்குறிப்பில் எழுத்துப்பிழைகள் சற்று அதிகம்.

இதை மதிப்பிட நான் ஒரே ஓர் அளவுகோலைத்தான் வைத்துக்கொண்டேன். பாதுகாப்பு அலுவலர் என்பவர் விதிகளை அறிந்தவர் என்று வெளியில் இருப்பவர்கள் எண்ணுகிறார்கள். விதிகளை அறிவது இந்த வேலையின் எளிய பாதி. உற்பத்தி நின்று போயிருக்கும் மாலை நேரத்தில், ஷிஃப்ட் முடிவதற்குள் இயந்திரத்தை ஓட்டியாக வேண்டும் என்று அவசரப்படும் மேற்பார்வையாளர் ஒருவரிடம், நமக்குக் கீழ்ப்படிய வேண்டிய கடமை எதுவும் இல்லாத ஒருவரிடம், இந்த வேலையை இப்படிச் செய்யக் கூடாது என்று சொல்லி அவரை ஒப்புக்கொள்ளவைப்பதே கடினமான பாதி. நமக்கு ஆள்பலமும் கிடையாது, பெரும்பாலான இடங்களில் ஆணையிடும் அதிகாரமும் கிடையாது. கையில் இருப்பதெல்லாம் அறிவும், அதை எதிரில் நிற்பவருக்குப் புரியும்படி சொல்லும் திறமையும்தான். ஆகவே ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும், இது அந்த மாலை நேரத்தில் எனக்குக் கைகொடுக்குமா என்று கேட்டுக்கொண்டேன்.

ஆபத்தான வேலையைத் தொடங்கும் முன் எழுத்துமூலம் சீட்டு பெறும் பணி அனுமதி முறையைப் பற்றிய வகுப்பு அந்தக் கேள்விக்குத் தெளிவாக ஆம் என்றது. படிப்பிலேயே சிறந்த பகுதி அதுதான். வட கடலில் இருந்த பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் 1988 ஜூலை 6 அன்று நேர்ந்ததை ஆசிரியர் ஒரு வரலாற்றுக் கதையாகச் சொல்லாமல், எங்களை அன்றைய இரவுப் பணியின் மேற்பார்வையாளர் இடத்தில் உட்காரவைத்தார். இரண்டு பம்புகளில் ஒன்றின் அழுத்த விடுவிப்பு வால்வு பராமரிப்புக்காகக் கழற்றப்பட்டு, அந்த இடம் ஒரு மூடுதகட்டால் அடைக்கப்பட்டிருக்கிறது. அதே பம்பில் செய்யவிருந்த பெரிய பழுதுபார்ப்புக்கு வேறோர் அனுமதிச் சீட்டு இருக்கிறது. அந்த வேலை இன்னும் தொடங்கப்படவில்லை. இரவில் மற்றொரு பம்ப் நின்றுபோகிறது, மீண்டும் ஓட மறுக்கிறது. பழுதுபார்ப்புச் சீட்டு கண்ணில் படுகிறது. வால்வைப் பற்றிய சீட்டு படவில்லை. இப்போது என்ன செய்வீர்கள் என்று ஆசிரியர் கேட்டபோது, வகுப்பில் முக்கால்வாசிப் பேர் முதல் பம்பை ஓட்டுவோம் என்றே விடை அளித்தார்கள். அன்று இரவும் அதைத்தான் செய்தார்கள். வால்வு இருந்த இடத்தின் மூடுதகட்டு வழியே வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். கல்லன் பிரபு தலைமையில் நடந்த விசாரணை பிறகு 106 பரிந்துரைகளை முன்வைத்தது.

அந்த வகுப்பின் சிறப்பு, இறந்தவர்களின் எண்ணிக்கையைச் சொல்லி அச்சமூட்டியதில் இல்லை. நல்ல அறிவும் அனுபவமும் உள்ள ஒருவர், தம் முன் இருந்த தாள்களை வைத்து நியாயமாக எடுத்த முடிவே அழிவுக்கு இட்டுச்சென்றது என்பதை அது உணர்த்தியது. ஒரே இயந்திரத்தின்மீது இருக்கும் இரண்டு சீட்டுகள் ஒன்றையொன்று குறிப்பிட வேண்டும், ஷிஃப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைப்பவர் வாய்மொழியோடு நின்றுவிடக் கூடாது என்ற விதிகளை நான் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்திருக்கிறேன். அவற்றை ஏன் என்று கேட்பவருக்கு இனி நான் விதி எண்ணைக் காட்ட மாட்டேன். அந்த இரவு மேற்பார்வையாளரின் இடத்தில் அவரையும் உட்காரவைப்பேன்.

உயரத்தில் வேலை பற்றிய பகுதியும் பயனுள்ளதாக இருந்தது. விழுபவரைத் தாங்கிப் பிடிக்க உடலில் அணியும் பட்டைக் கவசமான ஹார்னஸை அணிந்துவிட்டால் பாதுகாப்பு வந்துவிட்டது என்ற நம்பிக்கை சாரம் கட்டும் இடங்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆசிரியர் பலகையில் ஒரு கூட்டலைப் போட்டார். கயிற்றின் நீளம் 1.8 மீட்டர், விழும்போது கிழிந்து நீளும் அதிர்ச்சி உறிஞ்சி சுமார் 1.1 மீட்டர், முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5 மீட்டர், அதற்கும் கீழே ஒரு மீட்டர் இடைவெளி என்று எடுத்துக்கொண்டால், கொக்கியை மாட்டும் புள்ளிக்குக் கீழே 5.4 மீட்டர் வெற்றிடம் தேவைப்படுகிறது. நான்கு மீட்டர் உயரத்தில் உள்ள தளத்தில், காலடியில் கொக்கியை மாட்டிக்கொண்டு வேலை செய்பவர் விழுந்தால், ஹார்னஸ் தன் வேலையைத் தொடங்கி முடிப்பதற்குள் அவர் தரையைத் தொட்டுவிடுவார். இந்தக் கணக்கைத் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிக் காட்டினால் எந்த மேஸ்திரிக்கும் ஒரு நிமிடத்தில் விளங்கும்.

மூடிய இடங்களில் வேலை செய்வது பற்றிய காணொளி இதற்கு நேர்மாறு. அதைக் குறை சொல்லாமல் விட முடியாது, ஏனெனில் அது வெறுமனே மேலோட்டமானது அன்று. தவறான பழக்கத்தைக் கற்றுத்தருகிறது. தொட்டியின் வாயில் நின்று வாயு அளவியை ஒரே ஒரு முறை நீட்டி, திரையில் எண்கள் சரியாக இருப்பதைக் காட்டி, நடிகர் உள்ளே இறங்குகிறார். மீத்தேன் காற்றைவிட லேசானது. ஹைட்ரஜன் சல்ஃபைடு கனமானது. ஆகவே மேலே, நடுவே, அடியிலே என்று மூன்று மட்டங்களிலாவது, மாதிரிக்குழாய் வழியே காற்று கருவியை வந்தடையும் நேரத்தையும் கணக்கிட்டு அளக்க வேண்டும். அளக்கும் வரிசையும் முக்கியம். முதலில் ஆக்சிஜனைப் பார்க்க வேண்டும், ஏனெனில் எரிவாயுவைக் கண்டறியும் வழக்கமான வினையூக்கி உணரி போதிய ஆக்சிஜன் இல்லாத இடத்தில் உண்மையைவிடக் குறைந்த அளவைக் காட்டும். 19.5 விழுக்காட்டுக்குக் குறையாமலும் 23.5 விழுக்காட்டுக்கு மிகாமலும் ஆக்சிஜன் இருப்பதை உறுதிசெய்த பிறகே எரிவாயு, அதன் பிறகு நச்சு வாயு. அன்றைக்குக் கருவி உண்மையில் இயங்குகிறதா என்பதைச் சோதனை வாயுவைச் செலுத்திப் பார்க்கும் பழக்கத்தைப் பற்றி ஒரு சொல்கூட அந்தக் காணொளியில் இல்லை. மூடிய இடங்களில் இறப்பவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மற்றவரைக் காப்பாற்ற இறங்கியவர்கள் என்று அமெரிக்காவின் நியோஷ் ஆய்வு நிறுவனம் 1986ஆம் ஆண்டிலேயே எச்சரித்திருக்கிறது. உள்ளே சக பணியாளர் மயங்கிக் கிடக்கும்போது வெளியே நிற்பவரைத் தடுத்து நிறுத்துவதே இந்தப் பணியில் நான் அறிந்த மிகக் கடினமான செயல். அதற்கு ஒதுக்கப்பட்டது ஒரே ஒரு ஸ்லைடு.

விபத்துகளின் காரணங்களைப் பற்றிய பாடம் பழைய சரக்கை அப்படியே எடுத்துவைக்கிறது. ஹெர்பர்ட் ஹைன்ரிக் என்னும் காப்பீட்டுத் துறை அலுவலர் 1931இல் முன்வைத்த முக்கோணம் பெரும் மரியாதையோடு கற்பிக்கப்படுகிறது. ஒரு பெரிய காயத்துக்கு 29 சிறு காயங்களும் காயமில்லாத 300 நிகழ்வுகளும் என்ற அந்த விகிதம் ஏதோ இயற்கை விதி போலச் சொல்லப்படுகிறது. அதற்கு அடிப்படையாக இருந்த மூலப் பதிவுகள் இன்று எவர் கைக்கும் கிடைப்பதில்லை என்பதும், விபத்துகளில் 88 விழுக்காடு தொழிலாளியின் தவறான செயலால் நேர்கின்றன என்ற அவருடைய முடிவு பெரும்பாலும் மேற்பார்வையாளர்கள் எழுதிய அறிக்கைகளிலிருந்து பிறந்தது என்பதும் சொல்லப்படவில்லை. மயிரிழையில் தப்பிய நிகழ்வுகளைப் பதிவுசெய்வது நல்ல பழக்கம்தான். ஆனால் சிறு காயங்களைக் குறைத்துவிட்டால் பேரழிவும் தானாகக் குறையும் என்று நம்பும் நிர்வாகம், கையில் கட்டுப் போட்டவர்களை எண்ணிக்கொண்டிருக்கும்போதே குழாயின் சுவர் உள்ளே அரித்துக்கொண்டிருக்கும். 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் துளைமேடை வெடித்து 11 பேர் இறந்தபோது, வேலைநாள் இழப்பை ஏற்படுத்தும் காயம் எதுவும் இல்லாத ஏழு ஆண்டுகளுக்காகப் பாராட்டுத் தெரிவிக்க வந்த உயர் அலுவலர்கள் அதே மேடையில் இருந்தார்கள். இந்த ஒரு நிகழ்வை அந்த முக்கோணத்தின் அருகில் வைத்துக் கற்பித்திருந்தால் பாடம் எத்தனை கூர்மையாகியிருக்கும்!

இடர் மதிப்பீட்டு அட்டவணையைப் பற்றியும் ஒரு சொல். நிகழும் வாய்ப்பை ஒன்று முதல் ஐந்து வரை, விளைவின் கடுமையை ஒன்று முதல் ஐந்து வரை எனக் குறித்துப் பெருக்கும் முறையை விரிவாகவே கற்பித்தார்கள். கட்டம் பச்சையாக, அதாவது இடர் குறைவு என்று, வர வேண்டும் என முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற எண்களைப் பிறகு தேடும் வழக்கம் உலகெங்கும் இருக்கிறது என்பதைப் படிப்பு பெருந்தன்மையோடு கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டது.

படிப்பின் பெயரில் உள்ள இரண்டு சொற்களில் இரண்டாவது உடல்நலம். அதற்கு நாற்பத்தைந்து மணி நேரத்தில் கிடைத்தது ஐந்து மணி நேரம். என் பெரிய மனக்குறை இதுதான். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வேலை காரணமாக ஆண்டுதோறும் ஏறத்தாழ 30 லட்சம் பேர் இறக்கிறார்கள். அவர்களில் சுமார் 26 லட்சம் பேர் நோயால் இறப்பவர்கள், விபத்தில் இறப்பவர்கள் சுமார் 3.3 லட்சம் பேர். அதாவது, மரணங்களில் பெரும்பங்கு எங்கே இருக்கிறதோ அங்கே பாடத்தின் சிறுபங்கும், சிறுபங்கு எங்கே இருக்கிறதோ அங்கே பாடத்தின் பெரும்பங்கும் போய்ச் சேர்ந்திருக்கின்றன. நோயாளியிடம் அவருடைய தொழில் என்ன என்று மருத்துவர் கேட்க வேண்டும் என 1700ஆம் ஆண்டிலேயே வலியுறுத்திய இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினியையும், புகைபோக்கி துடைப்பவர்களுக்கு வரும் புற்றுநோய்க்குப் புகைக்கரியே காரணம் என்று 1775இல் காட்டிய ஆங்கில அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட்டையும் முன்னோடிகளாகக் கொண்ட துறை இது என்பதை எண்ணும்போது இந்தப் பாராமுகம் வியப்பளிக்கிறது.

என் அளவுகோலை இங்கேதான் மிகக் கடுமையாகப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. விழுந்தால் அடிபடும் என்பதை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு மூச்சு வாங்கும் என்பதை ஒப்புக்கொள்ளவைப்பது வேறு விதமான வேலை. கல் அறுக்கும்போது எழும் தூசியில் கண்ணுக்குத் தெரியும் துகள்களைவிட, நுரையீரலின் அடிவரை செல்லும் கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் துகள்களே ஆபத்தானவை. தூசி அடங்கிவிட்டது என்று முகமூடியைக் கழற்றுபவரிடம் இதைச் சொல்ல ஒரு வழி வேண்டும். அரவை இயந்திரத்தில் இருபது ஆண்டுகள் நின்ற ஒருவர், செவிக்காப்பு வேண்டாம், இந்தச் சத்தம் பழகிவிட்டது என்று என்னிடம் சொன்னார். பழகவில்லை, செவி உணர்வின் ஒரு பகுதி போய்விட்டது என்பதே அதன் பொருள். அவரிடம் எப்படிப் பேசுவது என்பதைப் படிப்பு சொல்லவில்லை. 85 டெசிபெல் ஒலியில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்ற வரம்பை மட்டும் மனப்பாடம் செய்யவைத்தது. மூன்று டெசிபெல் கூடும்போது ஒலி ஆற்றல் இரட்டிப்பாவதால் நேரம் பாதியாகக் குறைகிறது, 88இல் நான்கு மணி, 91இல் இரண்டு மணி, 100 டெசிபெலில் பதினைந்தே நிமிடம் என்று அந்த எண்ணை ஒரு படிக்கட்டாக விரித்துக்காட்டியிருந்தால், தேநீர் இடைவேளைக்கு முன்பே ஒருவர் தம் முழு நாளின் பங்கைத் தீர்த்துவிடுகிறார் என்று சொல்ல எங்களுக்கு ஒரு வாக்கியமாவது கிடைத்திருக்கும்.

கட்டுப்பாடுகளின் படிநிலையைக் கற்பித்த விதத்திலும் இதே குறை உண்டு. ஆபத்தை அறவே நீக்குதல், மாற்றுப்பொருள், பொறியியல் தடுப்பு, நடைமுறை விதிகள், கடைசியாகத் தனிநபர் காப்புக் கருவிகள் என்று வரிசை சரியாகவே சொல்லப்படுகிறது. எடுத்துக்காட்டுகள் என்று வரும்போது பத்தில் எட்டு தலைக்கவசமும் கையுறையுமாகவே இருக்கின்றன. சமையலறை மேடைகளுக்குப் பயன்படும், அறுத்தால் சிலிக்காத் தூசி எழும் செயற்கைக் கல் பலகைகளைத் தண்ணீர் ஊற்றி அறுங்கள், முகமூடி அணியுங்கள் என்று விதிகளைக் கூட்டிக்கொண்டே போனதில் பயனில்லை என்று கண்ட ஆஸ்திரேலியா, 2024 ஜூலை 1 முதல் அந்தப் பொருளையே தடைசெய்தது. படிநிலையின் முதற்படி என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அண்மைக் காலத்தில் இல்லை. பாடக்குறிப்பில் அது இல்லை.

சட்டமும் மேலாண்மை அமைப்பும் பற்றிய பகுதி நேர்த்தியாகத் தொகுக்கப்பட்டிருந்தது. பணியிடப் பாதுகாப்பு மேலாண்மைக்காக 2018இல் வந்த ஐஎஸ்ஓ 45001 என்னும் பன்னாட்டுத் தரநிலை தொழிலாளர்களைக் கலந்தாலோசிப்பதையும் அவர்கள் பங்கேற்பதையும் கட்டாயமாக்குவதை ஆசிரியர் நன்றாக விளக்கினார். உயிருக்கு உடனடியாகக் கேடு விளையும் என்று நியாயமாக நம்பி வேலையை விட்டு விலகும் தொழிலாளியைத் தண்டிக்கக் கூடாது என்னும், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டு 155ஆம் உடன்படிக்கையும், பாதுகாப்பான பணிச்சூழலை அந்த அமைப்பு 2022 ஜூனில் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்ததும் முறையாக இடம்பெற்றன. அந்த உரிமையைப் பயன்படுத்தி வேலையை நிறுத்திய இளைஞர் ஒருவர் மறுநாள் தம் ஃபோர்மேனின் முகத்தில் எப்படி விழிப்பது என்ற கேள்வியை நான் வகுப்பில் எழுப்பினேன். அது பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ளது என்று பதில் வந்தது. அது நேர்மையான பதில் என்பதால் எனக்குக் கோபம் வரவில்லை.

தேர்வு முறையைப் பாராட்ட வேண்டும். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். ஆனால் கொடுக்கப்பட்ட தொழிற்சாலையின் விவரங்களோடு ஒட்டாத விடைக்கு மதிப்பெண் கிடையாது. மனப்பாடம் செய்து ஒப்பிப்பவர்கள் தடுமாறினார்கள். விபத்து விசாரணை பற்றிய கேள்வியில், மூல காரணமாகக் கவனக்குறைவு என்று எழுதியவர்களுக்கு மதிப்பெண் குறைக்கப்பட்டது என்று அறிந்தபோது எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சி ஏற்பட்டது, ஏனென்றால் அந்த ஒற்றைச் சொல்லோடு மூடிவைக்கப்பட்ட கோப்புகளை நான் கட்டுக்கட்டாகப் பார்த்திருக்கிறேன். சேவையின் தரம்தான் இங்கே சறுக்கியது. நான் மூன்று வாரம் செலவிட்டு அனுப்பிய இடர் மதிப்பீட்டுக்கு, ஆறு வாரம் கழித்து இரண்டு வரிக் கருத்தே வந்தது. அதில் ஒரு வரி எழுத்துருவின் அளவைப் பற்றியது.

என்னுடன் படித்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அப்போதுதான் பட்டம் பெற்றவர்கள். இந்தத் தாள் கிடைத்தவுடன் வேலை கிடைக்குமா என்று ஒவ்வொரு நேரலை வகுப்பின் முடிவிலும் அவர்கள் கேட்டார்கள். விற்பனைப் பிரிவினர் சொல்லியிருந்த நம்பிக்கை மொழிகளை ஆசிரியர்கள் ஒவ்வொரு முறையும் நாசூக்காகத் தணிக்க வேண்டியிருந்தது. நேர்காணலுக்கு அழைக்கப்படுவதற்கு இந்தச் சான்றிதழ் பயன்படும். அதன் பிறகு, பூட்டியிருக்க வேண்டிய மின்சுவிட்ச் பூட்டப்படாமல் இருப்பதைக் கண்டுகொள்ளும் கண்ணும், அதைச் சொன்னால் கேட்கும்படி சொல்லும் நாவும் பணியிடத்தில்தான் வரும். ஆகவே பணியிட அனுபவம் அறவே இல்லாதவர், பராமரிப்பு, கட்டுமானம், உற்பத்தி என்று ஏதேனும் ஒரு பிரிவில் ஓராண்டாவது இருந்துவிட்டு இதில் சேர்வது நல்லது. ஏற்கெனவே மேற்பார்வையாளராக இருப்பவருக்குப் பணி அனுமதி, உயரத்தில் வேலை, விபத்து விசாரணை ஆகிய மூன்று பகுதிகளுக்காகவே இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். உடல்நலப் பக்கத்தில் பணிபுரிய விரும்புபவர் இதைத் தவிர்த்துவிட்டு, தூசியையும் ஒலியையும் வேதிப்பொருள்களையும் அளந்து மதிப்பிடக் கற்றுத்தரும் தொழிற்சுகாதாரப் படிப்பைத் தேடிச் செல்லலாம்.

மூடிய இடங்களைப் பற்றிய காணொளியிலுள்ள பிழையைச் சுட்டிக்காட்டிப் பயிற்சி நிறுவனத்துக்கு எழுதினேன். அடுத்த தொகுப்பில் திருத்துவதாகப் பதில் வந்தது. அந்தக் கடிதத்தை எழுதுவதற்காக எங்கள் பணியிடத்தின் அனுமதிச் சீட்டை ஒருமுறை எடுத்துப் பார்த்தபோது, அதிலும் வாயு அளவுக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. அதை அச்சிட ஒப்புதல் அளித்தவர்களின் கையொப்பங்களில் என்னுடையதும் இருந்தது. இப்போது அந்தச் சீட்டில் மேல், நடு, அடி என்று மூன்று கட்டங்கள் இருக்கின்றன.